ஏஞ்சலின் டீச்சரின் ‘குத்தமில்ல’

நாலாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கும் ‘ஆ’ பிரிவுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அதுவும் கூரை வரை எட்டாது, ஆள் உயரத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் ஏஞ்சலின் டீச்சர். அந்தப் பக்கம் அந்த வருஷம் ஜூனில் புதிதாக வந்து சேர்ந்த ஜெயபிரியா டீச்சர். இந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு கேட்கும், அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்கும்.

சும்மா கைதட்டல் இல்லை. அதிலே வகை வகையாக உண்டு. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்து, இரண்டு விரல், மூன்று விரல் என்று கூடிக் கடைசியில் முழுக்கையும் சேரும்போது ஓட்டின்மேல் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். அது மழைக் கைதட்டு. முதல் பெஞ்சில் தொடங்கிக் கடைசி பெஞ்சுக்குப் போய்த் திரும்பி வருவது அலைக் கைதட்டு. ஒவ்வொரு சத்தமும் தடுப்பின் மேலாக ஏறிக் குதித்து ஏஞ்சலின் டீச்சரின் மேசைக்கு வந்துவிடும். ‘நாலாம் வாய்ப்பாடு சொன்னதுக்கு மழையாம். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னா புயலையே வரவழைப்பா போலிருக்கு’ என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளுடைய பிள்ளைகளோ கரும்பலகையை விட்டுவிட்டுத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பொறாமை என்று அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை. ‘ஒழுங்கு’ என்று பேர் வைத்திருந்தாள். பொறாமைப்படுகிறவர்கள் எல்லாருமே அதற்கு வேறு ஏதாவது நல்ல பேராகத்தான் வைப்பார்கள்.

முத்தையாபுரத்தைத் தாண்டித் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஊர் அது. கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். ஏஞ்சலின் பிறந்ததும் அங்கேதான், படித்ததும் அங்கேதான். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் திரும்பி வந்து பாடம் நடத்துவதும் அங்கேதான். இப்போது அவளிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாவோ அம்மாவோ அவளிடம் படித்து, திருகக் காதைக் கொடுத்தவர்கள்.

அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர். வள்ளம் நிறைய மீனோடு கரையேறுவார். “என்ன, மீன்பாடு எப்படி?” என்று யாராவது கேட்டால், “கறிக்குக் காணும்” என்பார். குழம்பு வைக்கப் போதும் என்று அர்த்தம். நாலு கூடை சீலா மீன் கிடக்கும், அப்போதும் கறிக்குத்தான் காணும். வெறும் வலையோடு வந்தாலும் அதே பதில்தான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், கடலுக்கும் காது உண்டு என்பது அந்த வீட்டுச் சட்டம். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த செய்தியோடு ஏஞ்சலின் ஓடி வந்தபோது, அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “பாசாயிட்டியா? சரி, வந்து அரிசியக் களை” என்றாள். ஏஞ்சலினும் போய்க் களைந்தாள். ஆனால் அன்று அம்மா அவளுக்கு மட்டும் இரண்டாவது மீன் துண்டு வைத்தாள். அதுதான் பாராட்டு என்பது ஏஞ்சலினுக்கும் தெரியும்.

அப்படி வளர்ந்தவள் பிள்ளைகளைப் பாராட்டுகிற லட்சணமும் அப்படித்தான் இருந்தது. அவளிடம் இருந்த மிகப் பெரிய பட்டம் ‘குத்தமில்ல’. ஒரு பிழைகூட இல்லாத கட்டுரையை நீட்டினால், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ம்… குத்தமில்ல” என்பாள். வருஷத்துக்கு நாலைந்து பேருக்குத்தான் அது கிடைக்கும். துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் பெரிய வேலையில் இருக்கிற ஒருத்தர் இன்றைக்கும் கல்யாண வீட்டில் உட்கார்ந்து, “டீச்சர் எனக்கு ரெண்டு மட்டம் குத்தமில்லன்னு சொல்லியிருக்காவ, தெரியுமாலே” என்று பீற்றிக்கொள்வார்.

ஜெயபிரியா ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. அப்பா நெல்லும் வாழையும் போடுகிறவர். தினமும் பஸ் மாறி வருவாள், வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். வந்த மூன்றாம் மாதமே பிள்ளைகள் அவளுக்குச் சிப்பியில் மாலை கோத்துக் கொடுத்தார்கள். ஏஞ்சலின் டீச்சருக்கு இத்தனை காலத்தில் யாரும் ஒரு கிளிஞ்சலைக்கூடப் பொறுக்கிக் கொடுத்ததில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஜேசுபாதம் சார், “புது முறையெல்லாம் ஜெயபிரியா டீச்சர்ட்ட கேட்டுக் கத்துக்கிடுங்க” என்று பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் கண் ஏஞ்சலின்மேல் வந்து உட்கார்ந்ததாக ஏஞ்சலினுக்குத் தோன்றியது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயம் இல்லை. ஷெர்லின் விஷயம்தான் பெரிய விஷயம்.

ஷெர்லினுக்கு எழுத்து தெரியும், வாசிக்கவும் தெரியும், குரல்தான் வராது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் உதடு அசையும், காற்று வரும், சத்தம் வராது. அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். அம்மா பிளாரன்ஸ் உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடப் போகிறாள். வீட்டில் தாராளமாகப் பேசுகிற பிள்ளை, வகுப்பில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அடைத்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்பு வரை எல்லாரும் அவளை ‘ஊமைக்குட்டி’ என்று விட்டுவிட்டார்கள்.

ஏஞ்சலின் விடவில்லை. தினமும் சாப்பாட்டு மணி அடித்தபிறகு அவளைத் தன் மேசையருகே உட்கார்த்திக்கொள்வாள். வரியின் கீழே தன் ஆள்காட்டி விரலை வைப்பாள். ஷெர்லின் சரியாக வாசித்தால் விரல் நகரும். தப்பாக வாசித்தால் விரல் நின்றுவிடும். வேறு பேச்சே கிடையாது. ஜூன் மாதம் முழுக்க அவள் காதைப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா முடிந்த சமயத்தில் காற்றுக்குள்ளிருந்து ஒரு நூல் மாதிரிக் குரல் வந்தது. செப்டம்பரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கேட்கும் அளவுக்கு வந்தது. ஏஞ்சலினுக்கு உள்ளே பொங்கியது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும், வகுப்புக்கு முன்னால் நின்று வாசிக்கிற நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தக் ‘குத்தமில்ல’வைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு அவளை ஒரு பயிற்சிக்குத் தூத்துக்குடிக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள்தான். அன்றைக்கு இரண்டு பிரிவையும் சேர்த்து ஜெயபிரியா பார்த்துக்கொண்டாள். மறுநாள் ஏஞ்சலின் பள்ளி வாசலில் கால் வைக்கும்போதே ஜேசுபாதம் சார் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“டீச்சர், விஷயம் தெரியுமா? நம்ம ஷெர்லின் நேத்து எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிச்சிட்டா. ஒரே நாள்ல பேச வச்சிட்டாங்க ஜெயபிரியா டீச்சர்! பிள்ளைய எல்லாம் அலைக் கைதட்டு தட்டி, ஒரே கொண்டாட்டம்.”

ஒரே நாள்ல.

அந்த இரண்டு சொல்லும் மீன் முள் மாதிரி ஏஞ்சலினின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. “அப்படியா சார், சந்தோசம்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். மாதக்கணக்காகக் காதை வைத்துக் கேட்டவள் அவள். வகுப்புக்கு முன்னால் வந்த முதல் சத்தத்தைக் கேட்டு அனுபவித்தவள் இன்னொருத்தி. பனையேறினவன் ஒருத்தன் இருக்க, நோகாமல் நுங்கு தின்றவள் அந்தப் பக்கத்துக்காரி. இத்தனைக்கும் ஜெயபிரியா ஓடி வந்து, “டீச்சர், உங்க பிள்ள நேத்து என்னமா வாசிச்சா தெரியுமா!” என்று கையைப் பிடித்தாள். ‘உங்க பிள்ள’ என்றுதான் சொன்னாள். ஆனால் பொறாமை பிடித்த காதுக்கு அது குத்திக்காட்டுகிற மாதிரிதான் கேட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஏஞ்சலின் தன் கணவனிடம், “குழம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற இஞ்ஞாசி, கையை அப்படியே நிறுத்திவிட்டுத் தட்டைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஏன்? எதும் போட மறந்துட்டியா?”

“இல்ல. நல்லா இருக்கான்னு கேட்டேன்.”

“இம்புட்டு வருசமா கேக்காதவ இன்னைக்கு என்னத்துக்குக் கேக்குதா? தட்டு காலியாவுதுல்லா, பெறவு என்ன?”

அவளுக்கு அழுகை முட்டியது. தட்டு காலியானது தெரியாமல் இல்லை. விரல் நகர்ந்தது பிள்ளைக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்றும் அவள் நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைக்கவில்லை. அவள் நினைத்ததெல்லாம், ‘சரி, பாராட்டுதான வேணும், பாராட்டித் தொலைக்கேன்’ என்பதுதான்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை மறுநாள் ஆரம்பமானது.

சொல்வதெழுதுதல் நடந்தது. ஏஞ்சலின் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து ஷெர்லினிடம் நின்றாள். ஒரு பிழை இல்லை. கையெழுத்தும் உப்புப் பாத்தி மாதிரி வரிசையாக இருந்தது. ஏஞ்சலின் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, “நல்லா இருக்குளா! ரொம்ப நல்லா இருக்கு!” என்றாள்.

முன் பெஞ்சில் ஜெனிஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். ஷெர்லினின் கண்ணில் தண்ணீர் கட்டியது. அவள் ரப்பரை எடுத்து, எழுதியதையெல்லாம் முதல் வரியிலிருந்து பரபரவென்று அழிக்கத் தொடங்கினாள். தாள் கிழிந்தது. அப்போதும் அழித்துக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று ஏஞ்சலினுக்குப் புரியவில்லை. நமக்குப் புரியும். பெண்ணைப் பார்த்து ‘நல்லா இருக்குளா’ என்பதும் பையனைப் பார்த்து ‘நல்லா இருக்குலே’ என்பதும் அந்தக் கரையில் பாராட்டு இல்லை, ஏச்சு. பால் பொங்கி வழிந்தால் ‘நல்லா இருக்குளா நீ அடுப்பப் பாக்க லட்சணம்’ என்பார்கள். வலையைக் கிழித்தால் ‘நல்லா இருக்குலே ஒன் வேல’ என்பார்கள். ஏஞ்சலின் டீச்சரே இத்தனை வருஷமாக, மையைக் கொட்டியவனையும் ஜன்னலை உடைத்தவனையும் பார்த்து அதைத்தான் சொல்லி வந்தாள். ஜெயபிரியா ‘நல்லா இருக்கு’ என்றால் அவள் முகம் அதற்குச் சாட்சி சொல்லும். ஏஞ்சலின் முகத்தில் அந்தச் சாட்சி இல்லை. அவள் முகத்தில் அப்போது இருந்ததெல்லாம் எரிச்சல்தான், அதுவும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள்மேல்.

அவள் விட்டுவிடவும் இல்லை. அந்த வாரம் முழுக்க, ‘நல்லா இருக்கு’, ‘பிரமாதம்’, ‘அருமை’ என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பாராட்டித் தீர்த்தாள். பாராட்டப் பாராட்டப் பிள்ளைகள் சுருங்கினார்கள். ஷெர்லினின் குரல் மறுபடி காற்றாகிப்போனது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு மேசையருகே வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிளாரன்ஸ் வந்தாள், வேலைக்குப் போகிற வழியில், தலையில் துண்டைச் சுற்றியபடி. அவளும் ஒரு காலத்தில் ஏஞ்சலினிடம் படித்தவள்தான். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“டீச்சர், தப்பா நெனைக்காதிங்க. எம் பிள்ளய அடுத்த பிரிவுக்கு மாத்தி விட்ருங்க.”

“ஏம்ளா? என்ன கொற வச்சேன் ஒம் பிள்ளைக்கு?”

“கொற ஒண்ணுமில்ல டீச்சர். என்ன தப்பு செஞ்சான்னுதான் தெரியல. ஒரு வாரமா தெனமும் எல்லாப் பிள்ளைய முன்னாடியும் ‘நல்லா இருக்கு நல்லா இருக்கு’ன்னு ஏசுதாவளாம். ராத்திரி ஒறங்க மாட்டேங்கா.”

ஏஞ்சலினுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ‘ஏசலளா, பாராட்டினேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். பாராட்டுக்கும் ஏச்சுக்கும் வித்தியாசம் தெரியாத டீச்சர் என்று ஊரெல்லாம் சிரிக்கும் என்று தோன்றியது. “சரி, சார்ட்ட சொல்லுதேன்” என்று முடித்துவிட்டாள். திங்கட்கிழமை ஷெர்லின் பையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடாமல் ஏஞ்சலின் தன் பையை வைத்துக்கொண்டாள்.

இனி பொறாமைக்குக் கட்டு ஏது? அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை கை தட்டும்போதும், அது ஷெர்லினுக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு நேரே ஜேசுபாதம் சாரிடம் போனாள்.

“சார், அங்கன அடிக்க கையடியில இங்கன எம் பிள்ளைக்கு ஒண்ணும் காதுல விழல. நான் பாடம் நடத்தணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.”

சார் நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். அதிலும் ஏஞ்சலின் டீச்சருக்கு ஊரோடு சேர்ந்து பயப்படுகிறவர். வகுப்புக்குள் கைதட்டக் கூடாது, வேண்டுமானால் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஜெயபிரியா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவளுடைய பிள்ளைகள் சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டினார்கள். நெட்டைப் பிள்ளைகளின் விரல் நுனி மட்டும் தடுப்புக்கு மேலே தெரியும். ஏஞ்சலினுக்கு அன்று மத்தியானம் சோறு நன்றாகவே இறங்கியது.

ஆனால் கைதட்டல் நின்றதும் ஒன்று நடந்தது. அதுவரை கைதட்டல் மூடிவைத்திருந்த பேச்சு கேட்க ஆரம்பித்தது.

“ஜெனிபர், நேத்து ‘ர’வா ‘ற’வான்னு கேட்டுட்டே இருந்த. இன்னைக்கு நீயே நின்னு யோசிச்சு அழிச்சு எழுதின. நான் பாத்தேன்.”

“மரிய ஜோசப், விடை தப்புதான். ஆனா கடன் வாங்கிக் கழிக்க மறக்கல பாத்தியா? அத நான் பாத்தேன். கடைசி வரிய மட்டும் திரும்பப் பாரு.”

ஏஞ்சலின் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இதில் ‘சூப்பர்’ எங்கே இருக்கிறது? ‘அருமை’ எங்கே இருக்கிறது? இவள் பாராட்டவே இல்லையே! பிள்ளை என்ன செய்தது என்பதைப் பிள்ளைக்கே எடுத்துச் சொல்கிறாள், அவ்வளவுதான். தப்பைத் தப்பு என்றும் சொல்கிறாள். கைதட்டல் மேலே தூவின கொத்தமல்லி. அதைப் பார்த்துவிட்டு, குழம்பே கொத்தமல்லிதான் என்று நினைத்து ஒரு வாரம் வெறும் கொத்தமல்லியைப் பரிமாறியிருக்கிறாள் ஏஞ்சலின். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது. கைதட்டலைக் கேட்டுப் பொறாமைப்பட்டது ஒரு தினுசு. இது உண்மையிலேயே நல்ல சரக்கு என்று தெரிந்துகொண்டு பொறாமைப்படுவது இன்னொரு தினுசு, இதில் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்குப் பிறகு, தன் வெறும் மேசையில் அவள் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கம் ஜெயபிரியாவின் குரல் கேட்டது.

“என்ன ஷெர்லின், ஏன் நிறுத்திட்ட? வெரலா? எதுக்கு வெரல்? …சரி, வச்சிட்டேன். இப்ப வாசி.”

ஒரு வரி வாசிக்கிற முணுமுணுப்பு கேட்டது. பிறகு அந்த நூல் மாதிரிக் குரல்.

“நீங்க சும்மா நகத்துதீங்க டீச்சர். அப்படி இல்ல. நான் சரியா வாசிச்சாத்தான் நகரணும். தப்புன்னா நின்னுரணும்.”

“அப்படியா! நகந்தா என்ன அர்த்தம்?”

“நகந்தா… குத்தமில்லன்னு அர்த்தம்.”

ஏஞ்சலின் எழுந்து ஜன்னலருகே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடலில் ஒன்றும் இல்லை. முகத்தைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பத்திரமாக எடுத்து வைத்திருந்ததாக அவள் நினைத்த வார்த்தையைப் பிள்ளை என்றைக்கோ வாங்கிக்கொண்டுவிட்டது. ஆனால் பிள்ளை இப்போது இருப்பது அந்தப் பக்கம். போய்க் கூட்டிக்கொண்டு வர முடியாது. என்னவென்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவது?

பிப்ரவரியில் ஆண்டு விழா. கோயில் மைதானத்தில் பந்தல். மேடையில் முத்துக்குளிப்பு பற்றி ஒரு பத்தி வாசிக்க ஷெர்லினைத் தேர்ந்தெடுத்திருந்தாள் ஜெயபிரியா. ஊரே வந்திருந்தது. ஏஞ்சலின் மூன்றாவது வரிசை பெஞ்சில், தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஷெர்லின் நன்றாக வாசிக்க வேண்டும் என்று ஜெபித்தாள். நன்றாக வாசித்தால் பேர் யாருக்குப் போகும் என்று நினைத்து, ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதற்காக வெட்கப்பட்டு மறுபடி ஜெபித்தாள். மாதாவுக்கே எதைக் கேட்பது என்று குழப்பமாக இருந்திருக்கும்.

ஷெர்லின் மைக் முன்னால் வந்து நின்றாள். முதல் இரண்டு வரி தெளிவாக வந்தது. மூன்றாவது வரியில், “ஆழ்கடலில் அவர்கள் மூ…” என்று நின்றது. ‘மூழ்கும்போது’ என்ற சொல். உதடு அசைந்தது. காற்றுதான் மைக்கில் வந்தது. பந்தலில் யாரோ ஒருவன் சிரித்தான்.

மேடை ஓரத்தில் நின்ற ஜெயபிரியா, “நல்லா வாசிச்ச ஷெர்லின், இன்னும் கொஞ்சந்தான், வாசிம்மா” என்று மெல்லச் சொன்னாள். ஷெர்லின் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினாள். மூன்றாவது வரிசையில் அவள் கண் வந்து நின்றது.

ஏஞ்சலின் யோசிக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியின் கீழே வைப்பதுபோல் காற்றில் வைத்தாள். விரல் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் இந்த டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

ஷெர்லின் மூச்சை இழுத்தாள். “மூழ்கும்போது” என்றாள்.

விரல் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. வரி வரியாக விரல் இடமிருந்து வலம் போயிற்று, திரும்பி வந்தது, போயிற்று. கடைசிச் சொல் முடிந்ததும் பந்தல் முழுக்கக் கைதட்டியது. ஜேசுபாதம் சார் மைக்கைப் பிடித்து, ஜெயபிரியா டீச்சரின் உழைப்பு என்று என்னென்னவோ சொன்னார். ஏஞ்சலினுக்கு அது காதில் விழவில்லை. ஏனென்றால் ஷெர்லின் மேடையிலிருந்து இறங்கி, ஓரத்தில் கையை விரித்துக்கொண்டு நின்ற ஜெயபிரியாவைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூன்றாவது வரிசைக்கு வந்து நின்றாள்.

“டீச்சர், குத்தமுண்டா?”

ஏஞ்சலினின் வாய்வரை ‘நல்லா இருக்கு’ வந்தது. விழுங்கினாள். வேறு வார்த்தை தேடினாள்.

“‘மூழ்கும்போது’ங்க எடத்துல நின்னுட்ட. ஒருத்தன் சிரிச்சான். ஆனா நீ எறங்கி ஓடல. மூச்ச இழுத்துக்கிட்டு அந்தச் சொல்லயே திரும்பப் பிடிச்ச. நான் பாத்தேன்.” தூக்கியிருந்த விரலை மடக்கிக்கொண்டாள். “குத்தமில்லளா.”

ஷெர்லின் சிரித்தாள். அம்மாவிடம் சொல்ல ஓடினாள். அவள் சத்தமாக, “எம்மா, டீச்சர் குத்தமில்லன்னு சொல்லிட்டாவ!” என்று கத்தியது பந்தலின் கடைசி வரை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, விழா நடந்துகொண்டிருக்கும்போதே, ஜெயபிரியா வந்து பெஞ்சருகே நின்றாள். ஷெர்லினின் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“‘நான் பாத்தேன்’ எம் பேச்சுல்லா டீச்சர்?”

“ஆமா,” என்றாள் ஏஞ்சலின். “களவாண்டேன். நீயும் எம் வெரலக் களவாண்டல்லா?”

அதுவரை ‘நீங்க, டீச்சர்’ என்று பனிக்கட்டியாகப் பேசியவள் வாயிலிருந்து அந்த ‘நீ’ வந்ததை இரண்டு பேருமே கவனித்தார்கள். ஜெயபிரியா கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நானும் வந்த நாள்லேர்ந்து பாக்கேன். தொண்டத் தண்ணி வத்த அம்புட்டுப் பிள்ளைக்கும் சொல்லுதேன். நான் சொன்னா சிரிக்குதுவ. நீங்க ஒரு ‘குத்தமில்ல’ சொன்னா ஊருக்கே கேக்க மாதிரி கத்துதுவ. எனக்குக் கையடிய நிறுத்தினப்பகூட ஒண்ணும் தோணல டீச்சர். இப்ப… இப்ப வயித்தெரிச்சலா இருக்கு.”

ஏஞ்சலின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் மாதத்திலிருந்து தினமும் கண்ணாடியில் பார்த்து வந்த முகம்தான் அது. உள்ளே கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, “வா, இங்கன இரி” என்று இடம் விட்டாள்.